புதிய கன்சோல் யாரை ஏமாற்றுகிறது?

வீடியோ கேம் கன்சோல் ஒன்று சந்தைக்கு வந்து சில மாதங்கள்கூட ஆகியிருக்காது. 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்ற முணுமுணுப்பு தொடங்கிவிடும். 1995இல் சேகா சாட்டர்னுக்கும் நிண்டெண்டோவின் வர்ச்சுவல் பாய்க்கும் இது நடந்தது. 2006இல் பிளேஸ்டேஷன் 3, 2011இல் நிண்டெண்டோ 3டிஎஸ், 2012இல் வீ யூ, 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன், 2020இல் பிளேஸ்டேஷன் 5 என்று வரிசை நீள்கிறது. விற்பனையில் சாதனை படைத்த 2025இன் ஸ்விட்ச் 2கூட விலை பற்றிய புகாரிலிருந்து தப்பவில்லை. ஒரே புகார் முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழும்போது அதற்கான விளக்கங்களும் குவிந்துவிடுகின்றன. உளவியலாளர் ஒன்று சொல்கிறார், பொருளியலாளர் இன்னொன்று, பொறியாளர் வேறொன்று. இந்தியாவில் இவற்றோடு சுங்க வரியும் சேர்ந்துகொள்கிறது.

இந்த விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஆள்தான் நிற்கிறார். வெளியீட்டு நாளில் முழு விலை கொடுத்து, பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், பெரிய டிவியில் மாட்டி, தனியாக உட்கார்ந்து விளையாடுகிறவர். புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர் என விரியும் வடசென்னையில் அந்த ஆள் அரிது. இங்கே கன்சோல் பெரும்பாலும் மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் கடை வழியாகவோ, இரண்டாம் கை மூன்றாம் கை விற்பனை வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே பழைய பதில்களை இந்த நிலத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. சில பதில்கள் நிற்கின்றன, சில தள்ளாடுகின்றன.

எதிர்பார்ப்பின் மேல் பழி

மிகப் பரவலான பதில் உளவியலைச் சார்ந்தது. நுகர்வோர் நிறைவு பற்றி ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடித்தளம். ஒரு பொருள் தரும் நிறைவை அதன் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாங்கும் முன் மனத்தில் இருந்த எதிர்பார்ப்புக்கும் கையில் கிடைத்ததற்கும் இடையிலான தொலைவும் தீர்மானிக்கிறது என்றார் அவர். கன்சோல் வணிகம் இந்தத் தொலைவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 2005 இ3 கண்காட்சியில் சோனி காட்டிய 'கில்ஸோன்' முன்னோட்டம் இதற்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. பிளேஸ்டேஷன் 3இல் ஓடும் விளையாட்டைப் போலக் காட்டப்பட்ட அந்தக் காட்சி, முன்கூட்டியே வரைந்து வைத்த அனிமேஷன். உண்மையான 'கில்ஸோன் 2' வந்தது 2009இல்தான்.

காலின் கேம்பல் 1987இல் எழுதிய நூல் இதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. நவீன நுகர்வின் இன்பம் பெரும்பகுதி கனவு காண்பதிலேயே இருக்கிறது. பொருள் கைக்கு வந்ததும் கனவு முடிந்துவிடுகிறது. எனவே ஏமாற்றம் தவிர்க்க முடியாதது என்பது அவர் வாதம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1982இல் வேறொரு நுட்பமான வேறுபாட்டைச் சேர்த்தார். சாப்பாடு போலத் தீர்ந்துபோகும் பொருள்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இன்பம் தருகின்றன. ஃபிரிட்ஜ் போல வீட்டில் நிலைத்து நிற்கும் பொருள்களோ முதல் நாள் மகிழ்ச்சிக்குப் பின் வெறும் வசதியாகச் சுருங்குகின்றன. கன்சோல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விசித்திரப் பொருள். பெட்டி நிலைத்திருக்கும், அதில் போடும் விளையாட்டு தீர்ந்துபோகும்.

இந்த விளக்கத்தின் பலவீனம் அது அளவுக்கு மீறி விளக்குவதுதான். எதிர்பார்ப்பு எப்போதும் பொருளை மிஞ்சும் என்றால், எல்லாக் கன்சோல்களும் ஒரே அளவில் ஏமாற்ற வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளியானபோது நல்ல விளையாட்டுகள் மிகக் குறைவு. ஆனாலும் அதைக் குறைந்த விலை டிவிடி பிளேயராக வாங்கியவர்கள் பெரிதாக முனகவில்லை. எதிர்பார்ப்புக் கோட்பாடு ஏமாற்றம் நிகழ்ந்த பிறகு காரணம் சொல்கிறது. எந்தப் பெட்டி ஏமாற்றும் என்று முன்னால் சொல்வதில் திணறுகிறது. இதில் இன்னொன்றும் உண்டு. எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கோட்பாடு விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. பக்கத்துத் தெருக் கடையில் ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு வருகிறவரின் எதிர்பார்ப்பு, முன்னோட்டம் பார்த்துக் காத்திருந்தவரின் எதிர்பார்ப்பைப் போன்றதல்ல.

விளையாட்டில்லாத பெட்டி

பொருளியலாளர்களின் பதில் இதைவிட உறுதியானது. ழான்-ஷார்ல் ரோஷேயும் ழான் திரோலும் 2003இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கன்சோலை இரண்டு பக்கச் சந்தையின் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் விளையாடுவோர், மறுபக்கம் விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்கள். வாங்கியவர்கள் போதுமான அளவு இல்லாமல் நிறுவனங்கள் விளையாட்டு செய்யா. விளையாட்டு இல்லாமல் யாரும் பெட்டியை வாங்கார். வெளியீட்டின் முதல் ஆண்டு என்பது இந்த முட்டுக்கட்டையின் காலம். அப்போது ஏற்படும் ஏமாற்றத்துக்கு மனம் காரணமல்ல. சந்தை இன்னும் கூடிவராததுதான் காரணம்.

இதற்கு அளவு சார்ந்த ஆதாரமும் உண்டு. 1994 முதல் 2002 வரையிலான அமெரிக்கக் கன்சோல் சந்தையை ஆராய்ந்த மாத்யூ கிளமென்ட்ஸ், ஹிரோஷி ஓஹாஷி இருவரும் 2005இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெட்டி வந்த தொடக்கத்தில் விலைக் குறைப்பு அதிகம் பலன் தருகிறது. பிந்தைய ஆண்டுகளில் விளையாட்டுகளின் வகைப்பெருக்கம் அதிகம் பலன் தருகிறது. 3டிஎஸ்ஸின் வரலாறு இதோடு ஒத்துப்போகிறது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்த அது, ஆகஸ்டிலேயே 169.99 டாலராக இறங்கியது. முன்னரே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த இருபது பழைய விளையாட்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. நிறுவனத் தலைவர் சத்தோரு இவாத்தா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆண்டு முடிவதற்குள் இரண்டு மரியோ விளையாட்டுகள் வந்தன. கடைசியில் ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது. மறுபுறம் வீ யூ ஒரு கோடியே 36 லட்சத்தைத் தாண்டவில்லை. முதலாண்டு ஏமாற்றம் ஒரு பெட்டியின் தலைவிதி அல்ல என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே போதும்.

இந்தியாவில் இந்தப் பதில் புது வடிவம் எடுக்கிறது. இங்கே குறைந்தது விளையாட்டுகளின் எண்ணிக்கை அல்ல, வேண்டிய விளையாட்டு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' 2006 நவம்பரில் வந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் 2க்கும் கணினிக்கும் மட்டும். அப்போது புதிதாக இருந்த எக்ஸ்பாக்ஸ் 360க்கும், பிளேஸ்டேஷன் 3க்கும் அது வரவேயில்லை. அந்த நிறுவனம் அதன்பின் கன்சோலுக்குக் கிரிக்கெட் விளையாட்டே செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் இதை உணர்ந்திருந்தது. 2006 செப்டம்பரில் இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் 360 வெளியானபோது விளம்பர முகங்கள் யுவராஜ் சிங்கும் அக்ஷய் குமாரும். அடுத்த ஆண்டு யுவராஜ் பெயரிலேயே ஒரு கிரிக்கெட் விளையாட்டு வந்தது. ஆனாலும் ஒரு தலைமுறை இந்திய ஆட்டக்காரர்களுக்குக் கிரிக்கெட் என்றால் பழைய பெட்டியில் ஓடும் அந்த 2006ஆம் ஆண்டு விளையாட்டுதான்.

இதே கதையின் மறுபக்கம் 'ராஜி'. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த இந்தப் புராண விளையாட்டு 2020 ஆகஸ்டில் முதலில் வெளியானது நிண்டெண்டோ ஸ்விட்சில். ஸ்விட்ச் இந்தியாவில் முறைப்படி விற்கப்பட்டதே இல்லை. இந்தியர்கள் செய்த விளையாட்டை முதல் சில வாரங்கள் ஆட வேண்டுமென்றால் பில் இல்லாத இறக்குமதிப் பெட்டி தேவைப்பட்டது.

உள்ளிருக்கும் பழுது

மூன்றாவது பதில் எளியது: புதிய பெட்டிகள் அவசரமாக வருகின்றன, அதனால் பழுதாகின்றன. எக்ஸ்பாக்ஸ் 360இல் பழுதைக் காட்டி எரிந்த சிவப்பு வளையம் இதற்கு நிலையான சான்று. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்ததில் உள்ளிருந்த பாகங்களின் இணைப்புகள் விரிசல் கண்டன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. ஸ்விட்சின் கைப்பிடிக் குச்சி தானாக நகரும் பிரச்சினையும் இந்த வகை.

பழுதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒன்றைத் தவிர. உத்தரவாதம் பில் வைத்திருப்பவருக்கே உதவும். இறக்குமதிப் பெட்டியை வாங்கியவரும், இரண்டாம் கையில் வாங்கியவரும் அதே பழுதை முழுச் செலவோடு சுமக்கிறார்கள். ரிச்சி தெருவின் பழுதுபார்க்கும் மேசைகள் இருப்பதே இந்த இடைவெளியால்தான்.

சுங்கமும் விலையும்

இந்தியாவில் கன்சோல் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் விலையில் வந்து முட்டும். இது பழைய கதை. சேகா நிறுவனம் 1995இல் ஷா வாலஸோடு ஒப்பந்தம் செய்து மெகா டிரைவை இங்கே விற்க முயன்றபோது இறக்குமதித் தீர்வை 80 விழுக்காடு. பெட்டியின் விலை 18,000 ரூபாய். அதே ஆண்டுகளில் நிண்டெண்டோவின் பழைய பெட்டியை நகலெடுத்த மலிவுச் சாதனங்கள் 'டிவி கேம்' என்ற ஒரே பெயரில் வீடுகளுக்குள் நுழைந்தன. நூறு விளையாட்டு என்று மேலட்டையில் அச்சிட்டு, உள்ளே பத்தைத் திரும்பத் திரும்ப வைத்திருந்த கேசட்டுகளும் கூடவே வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே உருவான பர்மா பஜார், வெளிநாட்டு மின்னணுப் பொருளுக்கு நகரத்தின் முகவரியாக இருந்தது. துறைமுகமும் அந்தக் கடைவரிசையும் புளியந்தோப்பிலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவுதான். ஆக, முறையான வெளியீடு பொய்த்த இடத்தில் முறையற்ற வெளியீடு ஒன்று எப்போதும் நடந்துகொண்டே இருந்தது.

பிந்தைய கணக்கையும் பார்க்கலாம். 2018 பட்ஜெட்டில் கன்சோல் மீதான சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் 28 விழுக்காட்டை 18 ஆகக் குறைத்தது. ஒரு கை கூட்டியதை இன்னொரு கை குறைத்தது. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, 100 ரூபாய் இறக்குமதி மதிப்புக்குச் சுங்கம் 20, அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி 2, எல்லாவற்றின் மேலும் ஜிஎஸ்டி ஏறத்தாழ 22. ஆக 144 ரூபாய். அமெரிக்காவில் வரி சேர்க்காமல் 499 டாலர் விலை. அன்றைய மாற்று வீதத்தில் சுமார் 36,500 ரூபாய். இங்கே 49,990.

விலைக்கு மேல் தாமதம். உலகின் பல நாடுகளில் 2020 நவம்பர் 19க்குள் வந்துவிட்ட பெட்டி இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. ஜனவரி 12இல் திறந்த முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்தது. இந்தியாவில் கிடைப்பது உள்ளூர் இறக்குமதி விதிகளைப் பொறுத்தது என்று சோனி முன்பே சொல்லியிருந்தது.

ஆனால் வரியும் விதியும் முழுப் பழியையும் தாங்க முடியாது. அதே வரி, அதே விதிகளுக்குள் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020 நவம்பர் 10 அன்று, உலக வெளியீட்டு நாளிலேயே, அதே 49,990 ரூபாய்க்கு இந்தியாவில் கிடைத்தது. 2022 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 விலை 54,990 ஆக ஏறியதற்கும் புதிய வரி காரணமில்லை. விளையாட்டின் விலை இன்னும் கடுமை. 4,999 ரூபாய்க்கு ஒரு வட்டு என்றால் பத்து வட்டு வாங்கும் பணத்துக்கு, வெளியீட்டு விலையில் இன்னொரு பெட்டியே வாங்கிவிடலாம். வரியைச் சுட்டும் வாதம் பெட்டியின் விலையோடு நின்றுவிடுகிறது. சுமை வட்டில் இருக்கிறது.

மணிக்கணக்கில் வாங்கும் விளையாட்டு

வடசென்னையின் கேம் கடை இந்த எல்லாப் பதில்களையும் சற்றே நகர்த்திவிடுகிறது. ஒரு சின்ன அறை, சுவரில் மூன்று நான்கு டிவி, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு கன்ட்ரோலர், மணிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. பி அண்ட் சி மில் 1996இல் மூடப்பட்ட பிறகு இந்தப் பகுதியில் மாதச் சம்பளத்தைவிடத் தினக்கூலியும் வாரக்கூலியும்தான் பல வீடுகளை நடத்துகின்றன: துறைமுகச் சுமை, கன்டெய்னர் லாரி, ஆட்டுத்தொட்டி, பழைய இரும்பு. ஐம்பதாயிரம் ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாத வருமானத்துக்கு ஒரு மணி நேரத்தை வாங்குவது பொருந்துகிறது.

இங்கே ஏமாற்றம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. முதலைப் போட்டவர் கடைக்காரர். விளையாடுகிறவர் போட்டது சில்லறை. பிடிக்காவிட்டால் அடுத்த நாற்காலிக்கு மாறிவிடலாம். ஆலிவரின் கோட்பாடு, எதிர்பார்ப்பும் இழப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. கேம் கடையில் எதிர்பார்ப்பு ஒருவரிடம், இழப்பு இன்னொருவரிடம்.

கடைக்காரரின் கணக்கில் முக்கியமானது, ஒரே திரையில் இரண்டு பேர் ஆடக்கூடிய, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் ஆட்டம். கால்பந்து, மல்யுத்தம், 'டெக்கன்' போன்ற சண்டை விளையாட்டு, கிரிக்கெட். நாற்பது மணி நேரக் கதை விளையாட்டு அவருக்குப் பயனில்லை. யாரும் அதை மணிக்கணக்கில் வாங்கி முடிக்கப்போவதில்லை. புதிய பெட்டிகளோ கடந்த பதினைந்து ஆண்டுகளாக எதிர்த்திசையில் நகர்ந்திருக்கின்றன. ஒரே சோபாவில் இருவர் என்பது குறைந்து, ஆளுக்கொரு வீட்டிலிருந்து இணையத்தில் ஆடுவது கூடியது. திரையைப் பிரித்து ஆடுவதற்கே பெயர்பெற்ற 'ஹேலோ' வரிசையின் ஐந்தாம் பாகம் 2015இல் அந்த வசதி இல்லாமலே வந்தது. பெரிய பத்திரிகைகளின் விமர்சனங்களில் இது ஒரு குறையாகக் குறிப்பிடப்பட்டது. கேம் கடைக்கோ அது அந்த விளையாட்டை வாங்காமல் இருக்கப் போதுமான காரணம்.

பிளேஸ்டேஷன் 2 இந்தியாவில் அசாதாரணமாக நீண்ட காலம் வாழ்ந்ததை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். பிளேஸ்டேஷன் 3 இங்கே 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்து இரண்டாண்டு கழிந்த பிறகும், 2009இல் சோனி பிளேஸ்டேஷன் 2க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்', 'தேசி அட்டா' என்று இந்தியாவிலேயே செய்த விளையாட்டுகளை வெளியிட்டது. முதலாவதை ஐதராபாத் நிறுவனமொன்று செய்தது. பழைய பெட்டிக்குப் புதிய விளையாட்டு: மேற்கத்திய வணிக நாட்காட்டியில் இது தலைகீழ் வரிசை. இங்கே அது இயல்பு. அந்தப் பெட்டியின் உற்பத்தி 2013 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது.

டிவியையும் மறக்கக் கூடாது. எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்த அதே 2006 செப்டம்பரில்தான் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் தொடங்கியது. பதினான்கு அங்குலம், பழைய குழாய்த் திரை. ஒன்றரைக் கோடிக்கும் மேல் வழங்கப்பட்டது. உயர்தெளிவுத் திரைக்காகச் செய்யப்பட்ட பெட்டியை அந்தத் திரையில் மாட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவிலேயே 2006இன் 'டெட் ரைசிங்' விளையாட்டில் எழுத்துகள் சாதாரண டிவியில் படிக்க முடியாத அளவு சிறியவை என்று புகார் எழுந்தது. இந்தியாவுக்கு 2014இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எச்டிஎம்ஐ துளை மட்டுமே. மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் மாட்டும் டிவி வெளியே தள்ளப்பட்டது. புதிய பெட்டி அந்த வீடுகளை ஏமாற்றவில்லை. அவற்றை வாசலிலேயே நிறுத்தியது.

ஓர் இடைக்குறிப்பு. இதே தெருக்கள் உலகத் தரமான விளையாட்டு வீரர்களை உருவாக்கியிருக்கின்றன, கேரம் பலகையில். 1991, 1995 உலக சாம்பியன் பட்டங்களை வென்ற மரிய இருதயமும், 2024 நவம்பரில் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைக்காரர்கள். வெளியீட்டு நாளே இல்லாத ஒரு விளையாட்டு இங்கே தலைமுறை தலைமுறையாகச் சலிக்காமல் ஓடுகிறது என்பதைக் கன்சோல் ஆய்வாளர்கள் ஒருமுறையாவது எண்ணிப் பார்க்கலாம்.

கேம் கடைக்கு உண்மையான போட்டி புதிய கன்சோலிடமிருந்து வரவில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி மாணவர் கைக்கு ஒரு கணினியைக் கொடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ இணையத்தை மலிவாக்கியது. 2018 மார்ச்சில் 'பப்ஜி மொபைல்' வந்தபோது பெட்டி, டிவி, கடை எதுவும் தேவைப்படவில்லை. அதன் ஏமாற்றமும் புதுவகை: 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் அதுவும் ஒன்று. கன்சோல் சலித்தாலும் அலமாரியில் இருக்கும். செயலி ஓர் அரசாணையில் போய்விடும்.

வராத பெட்டி

மேற்கண்ட நான்கு பதில்களும் பெட்டி கைக்கு வந்த பிறகு எழும் ஏமாற்றத்தைப் பற்றியவை. இந்திய நிலையில் தனியாக ஆராய வேண்டிய இன்னொரு வகை, வராமலே போவது.

பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பர் 7 அன்று உலகின் பல நாடுகளில் வெளியானது, இந்தியாவில் இல்லை. சோனி சொன்ன காரணம் விலையோ தேவையோ அல்ல. அந்தப் பெட்டியின் வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அப்போது அனுமதி இல்லை. அந்த அலைவரிசையைக் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விடுவதா, வைஃபைக்கு உரிமமின்றித் திறந்துவிடுவதா என்பது ஆண்டுக்கணக்கில் நீண்ட விவாதம். கீழ்ப்பகுதியைத் திறக்கும் வரைவு விதிகள் 2025 மே மாதத்தில்தான் வந்தன. ஒரு விளையாட்டுப் பெட்டியின் வருகை தொலைத்தொடர்புக் கொள்கையில் சிக்கி நிற்கும் என்று எதிர்பார்ப்புக் கோட்பாட்டில் எங்கும் எழுதவில்லை.

நிண்டெண்டோவின் இல்லாமை இன்னும் பழையது. ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியாகி நான்கு நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. இந்தியாவுக்கு முறையான வழி இல்லை. வந்தவை எல்லாம் தனி இறக்குமதி. பில், உத்தரவாதம், பழுதுபார்ப்பு மூன்றும் கிடையாது. பர்மா பஜாரின் தர்க்கம் அரை நூற்றாண்டு கழித்தும் செல்லுபடியாகிறது.

தீராமல் நிற்பவை

நான்கில் எது வலுவானது என்று கேட்டால், இரண்டு பக்கச் சந்தை வாதம்தான் வடசென்னையிலும் ஓரளவு தாங்குகிறது. அதுவும் 'விளையாட்டுகள் எத்தனை' என்பதை 'இந்த இடத்தில் ஓடும் விளையாட்டு எது' என்று மாற்றிக்கொண்டால். எதிர்பார்ப்பு வாதம் வாங்குகிறவரும் விளையாடுகிறவரும் ஒருவரே என்ற இடத்தில் மட்டும் செல்லும். வரி வாதம் உண்மை, ஆனால் பாதி. பழுது வாதம் இரண்டாம் கைச் சந்தையோடு சேர்த்துப் படிக்கப்பட்டால்தான் பொருள்படும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கேம் கடைகளும் இரண்டாம் கை விற்பனையும் நிறுவனங்களின் கணக்கிலேயே வருவதில்லை. அவற்றை வைத்துக் கன்சோல் வெற்றி தோல்வியை எடைபோடுவது சரியா? போதாக்குறைக்கு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கணினி நிரலை வணிக வாடகைக்கு விடும் உரிமையை அதன் உரிமையாளருக்கே தருகிறது. கடைகள் பலவும் சட்டத்தின் விளிம்பில் நிற்கின்றன. மறுப்பு வலுவானதுதான். ஆனால் கடைகளில் பழைய பெட்டிக்கு ஒரு மணிக்கட்டணம், புதியதற்கு ஒரு மணிக்கட்டணம் என்று இருப்பது ஆய்வாளருக்குக் கிடைக்கக்கூடிய அரிய அளவுகோல். புதியது உண்மையில் எவ்வளவு மேலானது என்பதை, விளம்பரம் தாண்டி, வாடிக்கையாளர் கொடுக்கச் சம்மதிக்கும் வித்தியாசம் சொல்லிவிடும். விற்பனை எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வுகள் இதைத் தொடவில்லை.

இன்னும் கடினமான கேள்வி வட்டைப் பற்றியது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய வட்டுகளை மறுவிற்பனை செய்வதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, ஜூன் 19 அன்று பின்வாங்கியது. அன்று தோற்ற திட்டம் இன்று வேறு வடிவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 34,990 ரூபாய்க்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் வட்டுத் துளையே இல்லை. பிளேஸ்டேஷன் 5இன் விலை குறைந்த பதிப்பிலும் இல்லை. ஸ்விட்ச் 2க்கு வரும் சில அட்டைகளில் விளையாட்டே இருக்காது, பதிவிறக்கும் சாவி மட்டும் இருக்கும். நிண்டெண்டோ 2025 மே மாதம் திருத்திய பயனர் ஒப்பந்தம், விதி மீறிய சாதனத்தைச் செயலிழக்கச் செய்யும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. அந்தச் சாதனம் பிறகு யார் கைக்குப் போனாலும் நிலை அதுதான்.

கவனிக்க வேண்டியது விலையின் திசை. வாங்கும்போது மலிவான பெட்டியே, மறுவிற்பனைக்கும் கைமாற்றுக்கும் இடம் தராத பெட்டியாக இருக்கிறது. புளியந்தோப்பில் ஒரு வட்டு நான்கு பேர் கைக்குப் போய், நான்காமவருக்கு நூறு இருநூறு ரூபாயில் கிடைக்கும் வழி அடைபட்டால், கேம் கடையின் கணக்கும் இரண்டாம் கைக் கணக்கும் ஒருசேர மாறும். அப்போது இங்குள்ளவர்களும் முதன்முறையாக, கோட்பாடுகள் எடுத்துக்கொள்ளும் அந்தத் தனி வாங்குபவராக மாற வேண்டியிருக்குமா, அல்லது கைபேசியோடு நின்றுகொள்வார்களா என்பது திறந்த கேள்வி. 3டிஎஸ் போல விலையை இறக்கிச் சமாளிக்கும் வழி இதற்குப் போதுமா என்பதும் ஐயமே. அந்த விலைக் குறைப்பு பெட்டியில்தான் நடந்தது. பதிவிறக்கக் கடையில் விற்பவர் ஒருவர்தான். அங்கே விலையை இறக்கச் சொல்ல இரண்டாம் கை விற்பனையாளர் யாரும் எதிரில் இருக்கப்போவதில்லை.